பொன்னியம்மாளின் இருபது தட்டுகள்

அத்தியாயம் 4

மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். 'தையல்நாயகி துப்பறியும் நிலையம்' என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும், வாரத்துக்கு இரண்டு பேராவது ஜாக்கெட் துணியோடு மாடியேறி வந்துவிடுவார்கள். அவர்களுக்கு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிக் கீழே அனுப்புவது, உதவியாளன் சிட்டிபாபுவாகிய என் வேலைகளில் ஒன்று.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர் கையில் துணி எதுவும் இல்லை. முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள் இருந்தன. சட்டையில் கரி வாசனை. நாற்காலி முழுதாக இருக்க, அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்.

"எம்பேரு லாசரஸ், மேடம். சேலையூரு. ரிசப்ஷன், பர்த்டேன்னா கோழி சுட்டுக் குடுக்கிற மாஸ்டரு. நாளிக்கு எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. நானூறு கோழி ஆர்டரு எனக்குத்தான் குடுத்திருந்தாங்க. நேத்து சாயங்காலம் புடுங்கிட்டாங்க."

"ஏன்?" என்றார் மேடம்.

"திருடன்னு பேராயிடுச்சி."

தையல்நாயகி மேடம் பேனாவை மூடி வைத்தார். அவர் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். குடும்பத்து வயல்கள் எல்லாம் பிளாட்டாகி, பிளாட்டுகள் வீடாகி, வீடுகள் வாடகை தருவதால் அவர் பசிக்காகத் துப்பறிவதில்லை. பொய்யைக் கேட்டால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். என் சம்பளமும் அந்தப் பொறுமையின்மையில் இருந்துதான் வருகிறது.

"மாடம்பாக்கத்துல பொன்னியம்மான்னு ஒருத்தங்க வாடகைப் பாத்திரக் கடை வெச்சிகினு கீறாங்க" என்று லாசரஸ் தொடர்ந்தார். "அண்டா, குண்டான், நாற்காலி எல்லாம் அவங்கள்ட்டதான். புச்சா கோழி சுடற கம்பித்தட்டு இருபது செஞ்சி வெச்சாங்க. மொத வாடகையே நாந்தான் எடுத்தேன். ஞாயித்துக்கெயம பள்ளிக்கரணையில ஒரு ரிசப்ஷன். சுட்டு முடிச்சி, சாம்பல் போட்டுத் தேச்சி, திங்கக்கெயம காலையில இருபதையும் கொண்டாந்து எறக்கினேன். அந்தம்மா பாத்துட்டு, இது என் தட்டே இல்லன்னுட்டாங்க. அவங்க போட்ட பச்சைக்கோடு இதுல இல்லியாம். நல்லத வித்துட்டுப் பழச கொண்டாந்து தள்ட்டேன்னு தெருவுல நின்னு கத்தினாங்க."

"கோடு இருந்ததா இல்லையா?"

"நான் கம்பியத்தான் பாப்பேன் மேடம். கோட்ட எவன் பாப்பான்?"

"சரி, கத்தினாங்க. அப்புறம்?"

"அத்தோட போயிருந்தா பரவால்ல. அப்பாதுரைன்னு எனக்குப் போட்டி மாஸ்டரு ஒருத்தன். நேத்து அவன் பச்சைக்கோடு போட்ட தட்டு ஒண்ண தூக்கினு வந்து, லாசரஸோட ஆளு இத எனக்கு வித்தான்னு அந்தம்மாகிட்ட குடுத்துட்டான். அவங்க நேரா சர்ச்சு செகரட்டரி ஞானையா சாருக்குப் போன் போட்டுட்டாங்க. ஆர்டரு அப்பாதுரைக்குப் பூட்ச்சி. இன்னிக்கு ஆறு மணிக்குக் கோழிக்கு மசாலா தடவ ஆரம்பிச்சிடுவாங்க."

அதுவரை ஒழுங்காக வந்த குரல் அங்கே தடுக்கியது.

"ஆர்டரு போனா இன்னொண்ணு வரும் மேடம். எம்பொண்ணு அந்த சர்ச்சு கொயர்ல பாடுது. நேத்து பிராக்டீஸுக்குப் போன புள்ள பாதியில வூட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிச்சி. எனக்கு அதுதான் பேஜாரா கீது."

மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பதை அந்தச் சாவிச் சத்தத்திலேயே புரிந்துகொண்டேன்.

மேடத்தின் கைனெடிக் ஹோண்டா நல்ல வண்டி. பின்னால் நான் உட்காராத வரைக்கும் இன்னும் நல்ல வண்டி. தொண்ணூறு கிலோவைச் சுமந்துகொண்டு அது கேம்ப் ரோடு வழியாக மாடம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது, மேடம் என்னிடம் டயட் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பெருந்தன்மை.

பொன்னியம்மாளின் ஷெட்டில் அண்டாக்கள் கூரை தொட அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அண்டாவின் காதிலும் பச்சை எனாமல் பெயிண்டில் ஒரு கோடு. கரண்டிக் காம்பில் கோடு, நாற்காலி முதுகில் கோடு. தாம்பரத்தைச் சுற்றியுள்ள வாடகைக் கடைகள் எல்லாம் ஆளுக்கொரு நிறம் வைத்திருக்கின்றன. ஒரே பந்தலில் நாலு கடைச் சாமான் கலந்தாலும் நிறத்தைப் பார்த்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பொன்னியம்மாள் பச்சை. கொஞ்ச நேரம் நின்றிருந்தால் எனக்கும் போட்டிருப்பார்.

"எத்தினியோ வருசமா கட நடத்தறேன். கோடு இல்லாத சாமான் இந்த வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல" என்றார் அந்த அம்மாள். ஐம்பது வயது, கணீரென்ற குரல். "தோ கெடக்கு பாரு அவன் கொண்டாந்த குப்ப. புச்சா குடுத்தேன். கன்னங்கரேல்னு கொண்டாந்து போட்டான்."

மூலையில் இருபது தட்டுகள் கிடந்தன. மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தட்டை எப்படிப் பார்த்து வாங்கினீங்க?"

கோபத்தில் இருந்தாலும் சாமர்த்தியத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பொன்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மொதல்ல கடையில ரெடிமேடு பாத்தேன். பளபளன்னு கீது, ஆனா கட்டவெரலால அமுக்கினா வளையுது. இருபது கோழிய ஏத்தி நெருப்புல வெச்சா தொட்டிலாட்டம் தொங்கிடும். அதுல வெள்ளையா ஒரு பூச்சு வேற. சூடு பட்டா அது பொரிஞ்சி கறியில ஒட்டும், ஒடம்புக்கு ஆவாதுன்னு மறைமலை நகர் வெல்டிங் பட்டறக்காரரு சொன்னாரு. அப்ப நீயே செய்யிப்பான்னேன். சுத்துச் சட்டம் சுண்டுவெரல் தடி, நடுக்கம்பி பென்சில் தடி. அடியில குறுக்க ரெண்டு தாங்குகம்பி. கம்பி கம்பியத் தொடற எடமெல்லாம் வெல்டிங்கு. ஒவ்வொரு தட்டு மேலயும் பட்டறக்காரர ஏறி நிக்கச் சொல்லிட்டுத்தான் வண்டியில ஏத்தினேன்."

"சிட்டி, ஏறு" என்றார் மேடம்.

"எதுல மேடம்?"

"அந்தக் குப்பையில."

இரண்டு செங்கல்லுக்கு நடுவே கறுப்புத் தட்டு ஒன்றை வைத்தார். நான் கடவுளை வேண்டிக்கொண்டு ஏறினேன். தட்டு இம்மிகூட அசையவில்லை. என்னை இவ்வளவு மரியாதையாகத் தாங்கிய பொருள் சமீபத்தில் எதுவும் இல்லை.

"தாங்கினா என்னுதாயிடுமா?" என்றார் பொன்னியம்மாள். "கோடு எங்க?"

அப்பாதுரை கொண்டுவந்த தட்டை எடுத்துக் காட்டினார். அதே அளவு. சட்டத்தில் பச்சைக்கோடு பளிச்சென்று இருந்தது. மேடம் அதைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "மேடம், நல்லதைத் திருடிட்டு அதே அளவுக்கு நல்லதைத் திருப்பி வைக்கிற திருடனை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒருத்தன் இருந்தா என் சைக்கிளை அவன் வீட்டு வாசல்லயே நிறுத்துவேன்."

"எனக்கும் அதுதான் இடிக்குது. ஆனா அந்தம்மா கோட்டை மட்டும்தான் நம்புவாங்க. நாம வாயால சொன்னா காதுல ஏறாது. அப்பாதுரையைப் பார்ப்போம்."

பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் அப்பாதுரை சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். எதிரே அவருடைய சொந்தத் தட்டுகள். கோழிக் கூண்டுக்கு அடிக்கும் வலையை வெட்டிச் செய்தவை. எல்லாம் நடுவில் தொய்ந்து போயிருந்தன. அவர் ஒன்றைத் தட்டி நிமிர்த்தினால் பக்கத்து மூலை தூக்கிக்கொண்டது. அதைத் தட்டினால் நடுவு மறுபடி தொங்கியது.

"பொன்னியம்மா சார்பா விசாரிக்க வந்திருக்கோம்" என்றார் மேடம். பொய் இல்லை. அந்த அம்மாளுக்குத்தான் தெரியாது.

"கேளுங்க மேடம். மனசாட்சின்னு ஒண்ணு கீதில்ல. அதான் எடுத்தாந்து குடுத்துட்டேன்" என்றவர், டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

"லாசரஸோட ஆள் அந்தத் தட்டை எப்ப வித்தார்?"

"ஞாயித்துக்கெயம, ரிசப்ஷன் முடியற நேரம். கோழிய அதுலேர்ந்து எறக்கிட்டு, சூடு ஆறங்காட்டியும் என் கையில குடுத்தான். துணியில சுத்திப் புடிச்சிகினு வந்தேன்."

"அந்தத் தட்டுலதான் சுட்டாங்களா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. பொழுது சாயறதுலேர்ந்து அதுலதான் சுட்டுகினு இருந்தாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

மேடம் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நன்றி சொன்னார். ஸ்கூட்டர் அருகே வந்ததும் அவர் முகத்தில் மாதச் சம்பளம் வாங்கிய களை.

"மாட்டிக்கிட்டார் சிட்டி."

"எங்க மேடம்? எனக்கு டீ மட்டும்தானே கிடைச்சுது."

"அதை அப்புறம் சொல்றேன். இப்ப நீ ஒண்ணு சொல்லு. அந்தத் தொங்கல் தட்டுல நாளைக்கு நானூறு கோழி சுட முடியுமா?"

"நாலு கோழி வெச்சாலே நாலும் கரிக்குள்ள குடித்தனம் போயிடும்."

"அது அவருக்கும் தெரியும். அப்ப நல்ல தட்டுக்கு அவர் எங்கே போவார்?"

பதிலுக்குக் காத்திராமல் டெலிபோன் பூத்துக்குள் போய்ப் பொன்னியம்மாளிடம் பேசினார். பேசினார் என்பதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது சரி. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். ஆனாலும் கடைசியில் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு தடவை மேடம் சொல்கிறபடி செய்வது, லாசரஸ் திருடன்தான் என்று ஆகிவிட்டால் மேடம் அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்பது ஒப்பந்தம்.

நாலரை மணிக்கு மாடம்பாக்கம் ஷெட்டில் எல்லாம் தயார். வாசலில் பளபளப்பான புதுத் தட்டுகள் ஒரு அடுக்கு. தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து அவற்றைச் சுமந்து வந்த பாவி நான்தான். அவற்றின் மேல் பச்சைக்கோடும் போட்டாயிற்று. உள்ளே மூலையில் அந்தக் கறுப்புத் தட்டுகள் கிடந்தபடி கிடந்தன. அண்டா அடுக்குக்குப் பின்னால் லாசரஸும் மேடமும் நானும். அண்டாவுக்குப் பின்னால் நான் மறைந்தேனா, எனக்குப் பின்னால் அண்டா மறைந்ததா என்று தெரியவில்லை.

மேடம் எதிர்பார்த்தபடியே, அப்பாதுரை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"நாளிக்கு ஆர்டரு உன்னுதாமே" என்றார் பொன்னியம்மாள். "தட்டு வோணுமின்னா எது புடிக்குதோ எடுத்துக்க. புச்சு வாசல்ல கீது."

அப்பாதுரை புதுத் தட்டு ஒன்றை எடுத்தார். கட்டைவிரலால் நடுவில் அமுக்கினார். உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். அடுத்ததைத் தொடக்கூட இல்லை. அவர் பார்வை ஷெட்டுக்குள் போனது, பின்னாலேயே காலும் போனது.

கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்துச் சிமெண்ட் தரையில் போட்டு நாலு மூலையும் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வெல்டிங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைசியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றார். அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, மனிதர் அந்த நிமிஷம் கள்ளமே இல்லாமல் இருந்தார்.

"இத்தக் குடும்மா. இருபதும் வோணும்."

"அது டூப்ளிகேட்டாச்சேப்பா. லாசரஸ் மாத்தி வெச்சது."

"டூப்ளிகேட்டோ இன்னாவோ, என் சர்வீஸ்ல இப்டி ஒரு தட்டு பாத்ததில்ல. இதுல ஆனையக்கூட வெச்சி சுடலாம்."

பொன்னியம்மாளின் முகத்தில் முதல் சந்தேகம் விழுந்ததை அண்டாக்களின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மேடம் வெளியே வந்தார்.

"அதோட நீங்க கொண்டுவந்த கோடு போட்ட தட்டையும் சேர்த்து எடுத்துக்கலாமே? அதுதானே ஒரிஜினல்?"

அப்பாதுரை திகைத்தார். "அது வோணாம் மேடம்."

"ஏன்?"

"ஒண்ணுதான கீது."

"சிட்டி, ஏறு."

செங்கல் மேல் வைத்த பச்சைக்கோட்டுத் தட்டில் காலை வைத்தேன். முழு எடையைக்கூட இன்னும் கொடுக்கவில்லை. டக், டக் என்று இரண்டு கம்பி விட்டுக்கொண்டன. நடுவு தரையைத் தொட்டது. நானும் தொட்டேன்.

"என் தட்டு இப்டி உடையாதே" என்று பொன்னியம்மாள் முணுமுணுத்தார்.

"உங்க தட்டா இருந்தா உடையாது. இன்னும் கொஞ்சம் பாருங்க" என்றார் மேடம்.

ஷெட்டுக்கு வெளியே கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. உடைந்த தட்டை மேடம் அதன் மேல் போட்டார். சிறிது நேரத்தில் பச்சை பெயிண்ட் கொப்புளம் விட்டது, புகைந்தது, கறுத்தது. இடுக்கியால் எடுத்து ஆறவிட்டுச் சாம்பலைப் போட்டு ஒரு தேய் தேய்த்தார். கோடு இருந்த இடத்தில் வெறும் கறுப்புக் கம்பி.

"ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுல இருந்து இதுலதான் சுட்டாங்க, சூடு ஆறுறதுக்குள்ள வாங்கிட்டு வந்தேன்னு சொன்னீங்க. அப்படின்னா வியாழக்கிழமை இதுல கோடு எப்படிங்க இருந்தது?"

மேடம் பொன்னியம்மாளிடம் திரும்பினார். "அண்டாவுக்குக் காதுலதான் கோடு போடுறீங்க. அங்கே நெருப்பு எட்டாது. தட்டு முழுசும் நெருப்பு மேலேயே கிடக்கற சாமான். நீங்க அதை வாடகைக்கு விட்டது இதுதான் முதல் தடவை."

பொன்னியம்மாள் அப்பாதுரை ஏறி நின்ற கறுப்புத் தட்டைப் பார்த்தார். மூலையில் கிடந்த மற்றவற்றைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வாடகை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்ப இதெல்லாம் என்னுதா? ஒண்ணுகூடத் திருடு போவலியா?"

"ஒண்ணுகூட இல்லை."

அப்பாதுரைக்கு இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. "திங்கக்கெயம நீங்க கத்தும்போது நான் இங்கதான் நின்னுகினு இருந்தேம்மா" என்றார். "பெயிண்டு எரிஞ்சிருக்கும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானூறு கோழி ஆர்டரு கண்ணுல நின்னுச்சி. நானே ஒரு தட்டு செஞ்சி கோடு போட்டேன்."

லாசரஸ் அண்டா மறைவிலிருந்து வந்தார். இடுக்கியை எடுத்து வீசப் போகிறார் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் பொன்னியம்மாளை மட்டும் பார்த்தார். அந்த அம்மாளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வாப்பா, சர்ச்சுக்குப் போவலாம்" என்றார் கடைசியில். "போன்ல சொன்னா பத்தாது. உன்ன தெருவுல நிக்க வெச்சிதான கத்தினேன்."

தட்டுகள் மீன்பாடி வண்டியில் ஏறின. வண்டியை மிதித்தவர் அப்பாதுரை. அது பொன்னியம்மாளின் உத்தரவு. சேலையூர் வரை ஒரு மேட்டில்கூட அவரை இறங்கித் தள்ள விடவில்லை.

நாங்கள் போனபோது சர்ச் வளாகத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். கோழிகள் கழுவி அடுக்கியிருந்தன. செகரட்டரி ஞானையா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். உள்ளே கொயர் பயிற்சி நடந்தது. பொன்னியம்மாள் அதற்கு முன் ஒரு சர்ச்சுக்குள்ளும் கால் வைத்ததில்லை. கேட்டருகே செருப்பை விட்டுவிட்டு, வளாகத்தின் நடுவில் போய் நின்றார். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

"இந்த லாசரஸ திருடன்னு சொன்னது நாந்தான். தட்டு எங்கியும் போவல, என் ஷெட்டுலதான் கீது. நெருப்புல பெயிண்டு எரியும்னுகூட எனக்குத் தெரியல. தப்பு என்னுது. எல்லாரும் கேட்டுக்கங்க."

உள்ளே பாட்டு நின்றது. ஜன்னலில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஞானையா ஏதோ கேட்டுக்கொண்டே அருகில் வந்தார். லாசரஸ் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று கதவைச் சாத்திக்கொண்டாலும் இன்று பயிற்சிக்கு வந்துவிட்ட அவர் மகள், ரெட்டைப் பின்னலோடு அங்கிருந்து மெல்லக் கையசைத்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூண்டு நெடி என்று மேடத்திடம் சொல்லிவைத்தேன்.

விஷயத்தை முழுதாகக் கேட்ட ஞானையா, வண்டியைப் பிடித்தபடி நின்ற அப்பாதுரையைப் பார்த்தார். "இவரை என்ன செய்யலாம் லாசரஸ்? நீங்க சொல்றதுதான்."

லாசரஸ் யோசித்தார். கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்பது தாடையில் தெரிந்தது.

"நானூறு கோழிக்கு ரெண்டு மாஸ்டரு வோணும் சார். இவனே நிக்கட்டும். பொய் சொல்லிட்டு வந்தவன், நல்ல தட்டக் கண்டதும் அந்தப் பொய்யையே மறந்துட்டான். அப்டி ஒரு கை வேற எங்க கெடைக்கும்?" என்றவர், அப்பாதுரை நிமிர்ந்ததும் தொடர்ந்தார். "ஆனா காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் சரி, புகை போற பக்கம் இவந்தான் நிக்கணும்."

பூண்டு உரித்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னியம்மாள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அப்பாதுரை மட்டும் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, நாலு மூலையும் தரையில் பதிகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார். கடைசித் தட்டை வைத்துவிட்டு லாசரஸ் எதிரில் வந்து நின்றார்.

"காலையில எத்தினி மணிக்கு வரட்டும், அண்ணா?"